தக்காளிக் குறியீடு

(அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு டீக்கடை. ஓய்வுபெற்ற தமிழையா. எதிரே, பகலில் எஸ்டேட்டில் லேத் ஓட்டி, ராத்திரியில் சினிமா சேனல் நடத்தும் அவருடைய பழைய மாணவர்.)

தம்பி: ஐயா, புதுப்படத்துல இருபத்தேழு குறியீடு கண்டுபிடிச்சு வீடியோ போட்டிருக்கேன். ரெண்டாவது சீன்ல வில்லன் தக்காளி வெட்டுறான். கிளைமாக்ஸ்ல அவனையே வெட்டுறாங்க! ஒருத்தரும் கவனிக்கல.

ஐயா: அவன் ஓட்டல்காரன்தானே?

தம்பி: ஆமா.

ஐயா: ஓட்டல்காரன் தக்காளி வெட்டாம தென்னை மரமா வெட்டுவான்?

தம்பி: அந்த இடத்துல மியூசிக்கே மாறுது ஐயா. கேமரா கத்திகிட்ட போய் நிக்குது.

ஐயா: தமுக்கு அடிச்சுச் சொன்னதுக்குப் பேரு ரகசியமாப்பா? கல்கியும் 1950-ல 'பொன்னியின் செல்வன்' தொடங்கி, வானத்துல வால்நட்சத்திரத்தைக் காட்டினார். அரச குலத்துக்கு ஆபத்துன்னு சோழநாடே பேசிச்சு. ஆனா அவர் அதை ஒளிச்சு வெச்சேன்னு சொல்லிக்கல.

தம்பி: அப்ப ஒளிச்சு வெச்சவர் யாரு?

ஐயா: இளங்கோவடிகள், சிலப்பதிகாரத்துல. கோவலன் மாதவி வீட்டுல. கண்ணகி தனியா. அந்திமாலைக் காதையில, அவ எதையெல்லாம் விட்டுட்டான்னு அடுக்குறார். மேகலை இல்ல, குங்குமம் இல்ல, கண்ணுக்கு மை இல்ல. இதுக்கெல்லாம் முன்னாடி, முதல் பொருளா என்ன சொல்றார் தெரியுமா? காலில் சிலம்பு இல்ல! நாம ஐயோ பாவம்னு உச்சுக்கொட்டிட்டுத் தாண்டிடுறோம். அன்னிக்குக் கழட்டினதுதான் பின்னாடி மதுரைக்கு விலைக்குப் போகுது.

தம்பி: சிலம்புக்கு க்ளோஸ்-அப்?

ஐயா: ஒரே ஒரு அடி. அடுத்த அடியில மேகலைக்குப் போயிடுறார்.

தம்பி: சே, வேஸ்ட் பண்ணிட்டாரே!

ஐயா: கேளு. சிலம்பை விக்கக் கிளம்புற கோவலனுக்கு எதிர்ல திமிலுள்ள காளை வருது. ஆயர்களுக்கு அது கெட்ட சகுனம். இவன் வணிகர் வீட்டுப் பிள்ளை, இவன் குலத்துக்கு அது தெரியாதுன்னு இளங்கோவே சொல்லிட்டுப் போறார். படிக்கிறவனை விடு, சாகப்போறவனுக்கே புரியல.

தம்பி: ரெட்ஹில்ஸ் ரோட்டுல எனக்கு தினமும் மாடு எதிர்ல வருதே ஐயா?

ஐயா: அது சகுனமில்ல, போக்குவரத்து.

தம்பி: சரி, இதை ஸ்பாய்லர் இல்லாம எப்படிப் போடுறது?

ஐயா: ஸ்பாய்லர் நூலோட தொடக்கத்துலேயே இருக்கு. சிலம்பு, கொலை, மதுரை எரிஞ்சது எல்லாம் பதிகத்துலேயே வந்துடுது. முடிவை முன்னாடியே கையில கொடுத்தாச்சு. அப்படியும் அந்த வெறுங்கால் நம்ம கண்ணுல படல.

தம்பி: இதை நான்தான் முதல்ல பிரேக்டவுன் பண்ணப்போறேன்!

ஐயா: முந்திக்கிட்டாங்கப்பா. அடியார்க்குநல்லார்னு ஒருத்தர், வரிக்கு வரி உரை எழுதிட்டார்.

தம்பி: யாரு? எத்தனை சப்ஸ்கிரைபர்?

ஐயா: அந்த உரையை உ.வே.சா. ஏடு ஏடாத் தேடி 1892-ல அச்சுல ஏத்தினார். ஆனா உரை முழுசாக் கிடைக்கல. பாதியிலேயே நின்னுபோச்சு.

தம்பி: காப்பிரைட் ஸ்ட்ரைக் விழுந்திருக்கும் ஐயா.