எடுக்கும், எடுக்காது: புடவை நிறத் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வு நோக்கமும் எல்லையும்

ஒருவருக்கு எந்த நிறத்துணி பொருந்தும், எது பொருந்தாது என்பதை அறிவியல் வழி நின்று துணிவதே இவ்வாய்வின் நோக்கம். இதற்குத் தூண்டுகோலாக அமைந்தவர் ஆய்வாளரின் அக்கா மகள். முகூர்த்தப் புடவை எடுக்கப் போகும் முன் அவர் ஒரு நிற ஆலோசகரிடம் காணொளி அழைப்பில் முகத்தைக் காட்டி, 'டீப் ஆட்டம்' என்ற தீர்ப்போடு வந்து நின்றார். 'ஆழ்ந்த இலையுதிர்காலம்' என்று ஆய்வாளர் மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. "கல்யாணப் பொண்ணப் பாத்து உதிருது கிதிருதுன்னு என்னடா பேச்சு?" என்றார். எனவே இக்கட்டுரை நெடுகிலும் 'ஆட்டம்' என்ற வடிவமே ஆளப்படும். தமிழில் அதற்கு வேறு பொருள் உண்டெனினும் கல்யாண வீட்டில் அது குற்றமாகாது.

ஆய்வுக் காலம், ஆனி மாதத்து ஒரு ஞாயிறு, காலை 10.30 முதல் மாலை 5 வரை. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியத்துக்குத் துணி எடுக்க மாட்டார்கள் ஆகையால் காலத்தை நீட்டிக்க இயலவில்லை. களம், சென்னை தியாகராய நகரில் ஒரு பட்டுக் கடையின் இரண்டாம் தளம். தகவலாளிகள் ஐவர்: மணப்பெண், அவர் தாய், ஆய்வாளரின் 74 வயது பெரிய அத்தை, விற்பனையாளர், வாயிற்காவலர். ஆண்களின் ஆடை இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. ஆய்வாளர் முப்பதாண்டுகளாக நீலக் கட்டம் போட்ட சட்டையே அணிந்து வருவதால், ஒப்பிடத் தரவு இல்லை.

நிதிநல்கை: ஆய்வாளர் தாய்மாமன் ஆதலால், ஆய்வாளரே.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் மூலவராக மிஷேல் ஷெவ்ருலைக் கொள்ளலாம். 1824இல் பாரீசின் கோபெலின் திரைச்சீலைக் கூடத்தில் சாயப் பிரிவின் தலைமையை ஏற்ற வேதியியலாளர் இவர். அங்கே கறுப்பு நூல் சோபையற்றுத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறையில்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறங்களே அதை மங்கச் செய்தன. அடுத்தடுத்த இரு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்ற இவ்விதியை 1839இல் நூலாக்கினார். அதன்பின் ஐம்பதாண்டு இருந்து, 102 வயதில் மறைந்தார். நிறத்தை ஆராய்ந்தால் ஆயுள் கெட்டியாகும் என்பதற்கு இது ஒன்றே சான்று. புடவைக் கடையில் உடன் நின்றவர்களின் அனுபவம் இதற்கு மாறானது.

'கடையில பாத்த கலர் வேற, வீட்ல வந்து பாத்தா வேற' என்ற தமிழ்க் குடும்பங்களின் தொன்மையான முறையீடு இவ்விதிக்கு நேர் உரையாக அமைகிறது. அறுபது புடவைக் குவியலில் கிளிப்பச்சைக்கும் ராணிக் கலருக்கும் நடுவில் கிடந்தபோது பார்த்த சந்தன நிறத்தை, வீட்டில் வெள்ளைச் சுவர் முன் தனியே விரித்தால் அது சந்தனமாக இராது.

அடுத்தவர் யோகானஸ் இட்டன். ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் 1919 முதல் 1923 வரை கற்பித்தவர். பின்னாளில் ஒருமுறை, இசைவானவை என்று தாம் கருதிய நிறக் கூட்டுகளை மாணவர்களுக்குக் கொடுத்து வரையச் சொல்ல, அவர்களுக்கு அவை பிடிக்கவில்லை. 'உங்களுக்கு இசைவாகத் தோன்றுவதை வரையுங்கள்' என்று விட்டபோது ஆளுக்கொரு விதமாக வரைந்தார்கள். அந்த நிறங்களுக்கும் வரைந்தவர்களின் சாயலுக்கும் ஓர் ஒற்றுமை தென்பட்டது. மனிதருக்கு மனிதர் சொந்த நிறங்கள் உண்டு என்ற கருத்து இங்கிருந்து பரவி, அமெரிக்காவில் 1980இல் கரோல் ஜாக்சனின் 'கலர் மீ பியூட்டிஃபுல்' நூலால் வீட்டுக்கு வீடு சென்றது. தோல், முடி, விழி ஆகியவற்றைக் கொண்டு மக்களை நான்கு பருவங்களாகப் பிரித்தது அந்நூல். பின்வந்தோர் நான்கைப் பன்னிரண்டாக்கினர். இப்போது சியோல் நகரில் கழுத்தடியில் துணித்துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதற்கென்றே கூடங்கள் நடக்கின்றன.

3. பருவக் கோட்பாடு: ஒரு மதிப்பீடு

நான்கு பருவம் போதாது என்பது தமிழருக்குப் புதிதன்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுது கண்ட மரபு நமது. ஆனால் இங்கே ஓர் இடர் எழுகிறது. ஜாக்சனின் முறையில், கறுத்த முடியும் கறுத்த விழியும் உடையோரில் பெரும்பாலோர் குளிர்காலத்தில் அடங்கிவிடுவர். அதன்படி, கத்திரி வெயிலில் வேலூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கும் மொத்தக் கூட்டமும் குளிர்காலமே. தூய வெள்ளையும் தூய கறுப்பும் குளிர்காலத்தாருக்கு மட்டுமே உரியவை என்றும் அக்கோட்பாடு கூறுகிறது. வெள்ளை வேட்டி சட்டையைத் தவிர வேறறியாத நம் அரசியல்வாதிகள், எவ்வித ஆலோசகரும் இன்றித் தம் பருவத்தைத் தாமே கண்டுகொண்டவர்கள் என்பது இதனால் பெறப்படும்.

தோலின் அடிநிறம் வெம்மையா தண்மையா என்றறியப் பொன், வெள்ளி நகைகளை வைத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. பொன் பொலிந்தால் வெம்மை, வெள்ளி பொலிந்தால் தண்மை. தமிழ்ப் பெண்கள் பொன்னைக் காலில் அணிவதில்லை. கொலுசும் மெட்டியும் வெள்ளி. ஆகவே நம் பெண்கள் இடுப்புக்கு மேல் வெம்மை, இடுப்புக்குக் கீழ் தண்மை எனத் துணியலாம். பன்னிரு பருவங்களில் இதற்கு இடமில்லை.

'வாம் டோன்' என்ற கலைச்சொல்லை மணப்பெண் பெரிய அத்தையிடம் விளக்கியபோது பதிவானது: "போன்ல பாத்தே சூட்டு ஒடம்புன்னு சொல்லிட்டாளா? வெள்ளிக்கெழம எண்ணெ தேச்சுக் குளின்னா நீதான் கேக்க மாட்டேங்குற."

பொருந்தா நிறம் முகத்தைச் சோகையாகக் காட்டும் என்பது ஆலோசகர்கள் ஒருமித்துச் சொல்வது. இது உண்மையாயின், சங்க இலக்கியத் தலைவியரின் மேனியில் படர்ந்த பசலைக்குத் தலைவனின் பிரிவே காரணம் என்ற முடிவு மீளாய்வுக்குரியது. அவர்கள் தழையுடை உடுத்தியவர்கள். தழையின் பச்சை ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். தோழியர் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

4. சொல்லாய்வு

தமிழில் துணியை யாரும் வாங்குவதில்லை. காய் வாங்குவோம், மருந்து வாங்குவோம், துணி எடுப்போம். தீபாவளிக்குத் துணி எடுத்தாயிற்றா என்பதே கேள்வி. அதே வினை நிறத்துக்கும் வரும். பொருந்தும் நிறம் 'எடுக்கும்', பொருந்தாதது 'எடுக்காது'. முன்னதில் எழுவாய் மனிதர், செயப்படுபொருள் துணி. பின்னதில் எழுவாய் நிறம். நாம் துணியை எடுக்க, துணி நம்மை எடுக்க வேண்டும் என்பது இதன் உட்கிடை. இந்த ஒரு வினைச்சொல்லின் இருபொருள் பிறிதோரிடத்தில் பெரும் விளைவு உண்டாக்கியது பின்னர்க் காட்டப்படும்.

இரண்டாவது சொல் 'நிறம்'. பெண் பார்த்துத் திரும்பியவர்களிடம் "பொண்ணு நிறமா?" என்று கேட்பார்கள். இங்கே நிறம் என்றால் சிவந்த நிறம், சிவந்த நிறம் என்றால் வெளுத்த நிறம். இவ்வழக்கின்படி கறுப்பு ஒரு நிறமே அன்று. நிறமில்லாதவருக்கு எந்த நிறம் பொருந்தும் என்ற கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில் முன்னாய்வாளர் எவரும் கருத்துச் செலுத்தவில்லை.

5. கள ஆய்வு

வெள்ளை விரிப்பின் மேல் விற்பனையாளர் முழந்தாளிட்டு அமர்ந்திருந்தார். மணப்பெண் கைப்பேசியில் தன் நிறப் பட்டியலைக் காட்டினார். விற்பனையாளர் ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பாமலே பின்னால் நின்ற பையனிடம் தமிழாக்கினார்: டெரகோட்டாவுக்குச் செங்கல், ஆலிவுக்கு மெஹந்திப் பச்சை, டீலுக்கு மயில்கழுத்து, சாக்லேட்டுக்குக் காப்பிப்பொடி. நாற்பது நொடியில் ஏழு புடவைகள் வந்து விழுந்தன. ஆலோசகர் ஒரு மணி நேரத்தில் அடைந்த இடம் அது.

மயில்கழுத்துப் புடவையை அவர் விரித்தபோது முதல் சிக்கல் நேர்ந்தது. பாவு நீலம், ஊடை பச்சை. நேரே பார்த்தால் ஒன்று, சாய்த்துப் பார்த்தால் மற்றொன்று. மணப்பெண் கைப்பேசியை அருகில் வைத்து எந்தக் கட்டத்தோடு ஒப்பிடுவது என்று திகைத்தார். நடந்தால் நிறம் மாறும் துணிக்கு அட்டவணையில் கட்டமில்லை. அதன்மேல் அரக்குக் கரை வேறு. காஞ்சிப் பட்டின் கோர்வைக் கரை, உடலோடு மாறுபட்ட நிறத்தில் நெய்து இணைக்கப்படுவது. ஷெவ்ருல் விதிப்படி கரை உடலைத் தூக்கும், உடல் கரையைத் தூக்கும். இரண்டுக்கும் நடுவில் முகம் எங்கே என்பது கேள்வி.

இதற்கு விடை சொன்னவர் அக்கா. "மொகத்துக்குப் பக்கத்துல வர்றது ஜாக்கெட்டுதான்டி. அத ஒழுங்கா எடு." ஐந்தரை மீட்டர் புடவையில் கன்னத்தருகே வருவது ஒரு முழம் தேறாது. அம்முழத்தையும் பூச்சரமும் ஆரமும் மறைத்துவிடும். எனவே நிற ஆய்வின் உண்மையான களம் பட்டுக் கடையன்று, மேட்சிங் சென்டர் என்பது தெளிவு. சுவர் நிறைய டூ பை டூ ரூபியா சுருள்கள் அடுக்கிய அக்கடைகளில், முந்தானை நுனியை இரு விரலால் பிடித்துச் சுருளின் மேல் ஓட்டி, "இது ஒரு ஷேடு தூக்கல்" என்று தள்ளிவிட்டு அடுத்ததை உருவுபவரைப் பார்த்திருப்பீர்கள். பாஸ்டனின் ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் நூலெழுதி நிறத்தை மூன்று அளவைகளாகப் பிரித்தார்: எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அழுத்தம். மேட்சிங் சென்டர்க்காரர் மூன்றையும் கட்டைவிரலில் வைத்திருக்கிறார்.

பிறகு பகலொளிச் சோதனை. ஒரு விளக்கில் ஒத்துத் தெரியும் இரு துணிகள் வேறு விளக்கில் பிரிந்து போவதுண்டு. அதனால்தான் நிறத்தொழிலார் 6500 கெல்வின் அளவிலான பகலொளியைத் தரமாகக் கொள்கின்றனர். ஜரிகை மின்னுவதற்காகக் கடைக்காரர் போட்டிருக்கும் மஞ்சள் விளக்கை எந்த அத்தையும் நம்புவதில்லை. மூன்று புடவைகளோடும் ஒரு பையனோடும் மின்தூக்கியில் இறங்கி வாசலுக்கு வந்தோம். வாசலில் கிடைத்த ஒளி, நடைபாதைக் கடையின் நீலத் தார்ப்பாய் வழியே வடிந்தது. எல்லாப் புடவையும் நீலம் பாய்ந்திருந்தது. காவலர், "இப்பிடி வாங்கம்மா" என்று மணப்பெண்ணைக் கூப்பிட்டுத் தார்ப்பாய்க்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இரண்டடி அகலத்தில் விழுந்த வெயிலில் நிறுத்தினார். அந்த இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. செங்கல் நிறத்தைத் தோளில் பார்த்ததும், "இதான் எடுக்குது" என்றார். ஆலோசகரின் பட்டியலில் முதலிடம் பெற்றதும் அதுவே. இரு முறைகளும் ஒரே முடிவை எட்டின, ஒன்றுக்குக் கட்டணமில்லை.

6. முரண்பட்ட தரவு

ஆய்வின் தூய்மையைக் கெடுத்த நிகழ்வொன்றை மறைக்காமல் பதிய வேண்டியுள்ளது. மேலே திரும்பியதும், கை நிறையப் புடவை வைத்திருந்த விற்பனையாளர், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிய அத்தையின் தோளில் ஓர் அரக்குப் புடவையைப் போட்டார். "ஒரு நிமிசம் புடிச்சுக்கங்கம்மா." வைக்க இடமில்லாததுதான் காரணம். பிறகு நிமிர்ந்து பார்த்தவர், அடுத்த புடவையை விரிக்காமல் நின்றுவிட்டார். அக்கா பார்த்தார். மணப்பெண் எதிரிலிருந்த கண்ணாடியை அத்தையின் பக்கம் திருப்பினார். பின்வரும் உரையாடல் மாற்றமின்றித் தரப்படுகிறது.

"அம்மாவுக்கு எடுக்குதே."

"எனக்கு அரக்கு எடுக்காதுப்பா."

"எப்பக் கட்டிப் பாத்தீங்க, அத்தப் பாட்டி?"

"கட்டுனதே இல்ல."

"அப்புறம் எப்பிடித் தெரியும்?"

"எடுக்காதுன்னுதானே எடுக்கல."

பெரிய அத்தை கறுப்பு. அவர் தங்கை 'நிறம்'. அந்த வீட்டில் துணி எடுத்தால் தங்கைக்கு அரக்கு, இவருக்குச் சந்தனம். கறுப்புக்கு வெளிர் நிறந்தான் பளிச்சென்று காட்டும் என்பது விதி. பருவக் கோட்பாடு இதற்கு நேர்மாறாக, ஆழ்ந்த மேனிக்கு ஆழ்ந்த நிறம் என்கிறது. சரியாகவோ தவறாகவோ, அத்தையின் அறுபதாண்டுப் புடவை வரலாற்றில் அரக்கின் பக்கம் பேசிய முதல் கோட்பாடு அது.

அத்தையின் வாக்கியத்தைச் சுருக்கினால் 'எடுக்காததால் எடுக்கவில்லை' என்று வரும். இதை இருவகையாகப் பிரிக்கலாம். நிறம் பொருந்தாததால் துணி வாங்கவில்லை என்பது ஒன்று. துணி வாங்காததால் நிறம் பொருந்தவில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. காரணம் எது, காரியம் எது என்று பிரித்தறிய இடமில்லாத இவ்வாக்கியத்தில் ஒருவர் ஒரு வாழ்நாள் முழுக்கக் குடியிருக்க முடியும் என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

7. முடிவுரையும் மேலாய்வுக் களங்களும்

ஒரு நிறம் ஒருவருக்கு எடுக்குமா என்பதைத் தோல், முடி, விழி ஆகியவற்றோடு, ஒளி, பக்கத்து நிறம், ரவிக்கை ஆகியனவும் தீர்மானிக்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, எடுத்துத் தோளில் போட்டுப் பார்க்க ஒரு கை வேண்டியிருக்கிறது. புடவைகள் இரண்டு எடுக்கப்பட்டன. செங்கல் ஆய்வு எல்லைக்கு உட்பட்டது, அரக்கு அப்பாற்பட்டது. நிதிநல்கை இரண்டுக்கும் பொருந்தும் என்று அக்கா தீர்ப்பளித்தார்.

மேலாய்வுக்குரியவை இரண்டு. வாசலில் இரண்டடி வெயில் விழும் இடத்தை அளந்து பாதுகாத்தல் ஒன்று. அத்தைக்கு அரக்கு எடுக்காது என்று முதன்முதலில் சொன்னவர் யார் எனக் கண்டறிதல் மற்றொன்று. திரும்பும் வழியில் அத்தையிடமே கேட்டேன். மடியிலிருந்த பையைப் பிடித்தபடி, "எல்லாருந்தான்" என்றார். எல்லாரையும் பேட்டி காண இன்னும் வாய்க்கவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு அவர்கள் தவறாமல் வருவதாகத் தெரிகிறது. முன்வரிசையில் அத்தைக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.