வாழ்க உங்கள் ரசனை

பழைய கார்ப் பிரியர்களே, உங்களைப் போல மனசு இந்த நாட்டில் யாருக்கு உண்டு? கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த மோரிஸ் மைனரை இழுத்து வந்து, மாதக்கணக்கில் அதோடு உட்காருகிறீர்கள். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்குகிறீர்கள். அசல் நிறம் வரும்வரை பெயின்டரை விடுவதில்லை. மற்றவர்களாக இருந்தால் என்றைக்கோ எடைக்குப் போட்டிருப்பார்கள். கோயம்புத்தூர் ஜீடி கார் அருங்காட்சியகத்திலும் சென்னை ஏவிஎம் வளாகத்து அருங்காட்சியகத்திலும் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழசை எப்படிப் பேண வேண்டும் என்பதை நீங்கள் எவ்வளவு நன்றாக அறிந்தவர்கள் என்று.

உங்கள் மனசு அரசாங்கத்தையும் தொட்டிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கென்றே தனி விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டி, அசல் உருவம் குலையாமல் இருந்தால் போதும். அந்த வண்டிக்குத் தனிப் பதிவு, எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்து. பழைய வண்டிகளை உடைக்கும் கொள்கை அதைத் தீண்டாது. அரை நூற்றாண்டு உழைத்த ஒன்றுக்கு இந்த நாடு கொடுக்கிற மரியாதை அது. அரசாங்கமும் நன்றி மறப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த மனசோடுதான் எங்கள் கோலார் தங்கவயலுக்கு வருகிறீர்கள். இங்கேயே குடியிருக்கும் எங்களுக்கு உங்கள் வருகை பெருமைதான். உங்கள் கண் எப்பேர்ப்பட்ட கண்! இடிந்து கிடக்கும் பங்களாவைப் பார்த்த மாத்திரத்தில், இந்தப் போர்ட்டிகோவில்தான் துரையின் கார் நின்றிருக்கும் என்று கண்டுபிடித்துவிடுகிறீர்கள். ராபர்ட்சன்பேட்டைத் தெருக்களின் நேர்க்கோட்டு ஒழுங்கை மெச்சுகிறீர்கள். 1885-இல் தொடங்கிய கிளப்பைப் படம் எடுக்கிறீர்கள். ‘குட்டி இங்கிலாந்து’ என்று நீங்கள் சொல்வது பொய்யே இல்லை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே 1905-இல்தான் வந்தது. சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் திறமையை நானும் மனசாரப் புகழ்கிறேன். எந்திரத்துக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. பங்களாவைத் தாண்டி அது போகாது. போயிருந்தால் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைப் பார்த்திருக்கும். ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிரசவம். குனிந்து நுழைய வேண்டிய வாசல். ஆள் சேர்ந்தபோது வெளித் திண்ணையைத் தகரத்தால் அடைத்து இன்னொரு அறை ஆக்கினார்கள். வடாற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மார் அங்கேதான் வாழ்ந்தார்கள். அந்த வீடுகளும் அசல் உருவம் குலையாமல்தான் இருக்கின்றன. சொல்லப்போனால், ஒரு மாற்றமும் செய்துவிடாமல் அவற்றை அப்படியே காப்பாற்றித் தந்த பெருமை அடுத்தடுத்து வந்த எல்லா நிர்வாகங்களுக்கும் உரியது.

தெருக்கள் அந்தக் காலத்தில் எவ்வளவு சுத்தம் என்று சொல்லிச் சொல்லி உருகுகிறீர்கள். உண்மை, சுத்தமாகவே இருந்தன. அந்தச் சுத்தத்தைத் தலையில் சுமந்தவர்கள் இருந்தார்கள். உலர் கழிப்பிடங்களை வாளியும் கையுமாக அள்ளியவர்களின் குடும்பத்தில், இதே தங்கவயலில் 1966-இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். மனிதக் கழிவை மனிதன் அள்ளும் கொடுமைக்கு எதிரான தன் போராட்டத்தை அவர் தொடங்கியது இந்தத் தெருக்களில்தான். 2016-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. குட்டி இங்கிலாந்தின் நினைவுகளில் இந்தப் பக்கத்தை மட்டும் அவ்வளவு லாகவமாகக் கிழித்து எடுத்திருக்கிறீர்கள், கிழித்த தடம்கூடத் தெரியவில்லை.

உங்கள் காதைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. எஞ்சின் ஒரு தரம் இருமினால் போதும், கோளாறு கார்பரேட்டரிலா பிளக்கிலா என்று சொல்லிவிடுவீர்கள். அந்த ஞானத்துக்கு நான் தலை வணங்குகிறேன். எங்கள் ஊரிலும் ஓர் இருமல் உண்டு. இந்தியாவில் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் முதன்முதலாகப் பதிவானது கோலார் சுரங்கத்தில், 1934-இல். 1940-க்கும் 1946-க்கும் இடையில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 43 பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. பாறைத் தூசு நுரையீரலில் படிந்தால் படிந்ததுதான், அதற்கு மாற்று உதிரிபாகம் எந்தப் பட்டறையிலும் கிடையாது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, தொட்டால் சுடும் பாறையை உடைத்துவிட்டு மேலே வந்து, விடியவிடிய இருமியவர்களின் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். எங்கள் ஊரில் இருமல் சத்தம் பழைய சங்கீதம். அது உங்கள் காதில் விழாதது உங்கள் குற்றமில்லை, உங்கள் காது எஞ்சினுக்காகப் பழகியது.

சினிமாக்காரர்களையும் வாழ்த்த வேண்டும். 2018-லும் 2022-லும் வந்த ‘கேஜிஎஃப்’ படங்களால் எங்கள் ஊர்ப் பெயர் உலகமெல்லாம் தெரிந்தது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்தும் கிடைக்காத புகழ் அது. தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சக்கையிலும் அழகு இருக்கிறது என்று கண்டவர்கள் அவர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் பைக்குகள் அந்தச் சக்கை குவிந்த சயனைட் மேட்டில் ஏறுகின்றன. சாம்பல் நிறப் பொடி, மாவு மாதிரி நைசாக இருக்கும். பின்சக்கரம் சுழன்று அதை வாரி இறைக்கும்போது படம் பிரமாதமாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். படம் முடிந்து பைக் பெங்களூருக்குப் போய்விடும். பொடி போகாது. கோடைக் காற்று எடுத்தால் அது கீழே உள்ள வீடுகளுக்குத்தான் வரும். மூடி வைத்த சோற்றுப் பானையின் விளிம்பில் விரலை ஓட்டினால் சாம்பலாகக் கோடு விழும். கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டையை உதறித்தான் பிள்ளைக்குப் போட வேண்டும்.

வேகத்துக்கு இந்த நாடு செய்யும் உபசாரமே தனி. 2024 ஆகஸ்ட் 31-இலும் செப்டம்பர் 1-இலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்ப் பந்தயம் நடந்தது. மூன்றரை கிலோமீட்டர் நகரத் தெருவில் ஒரு குண்டு குழி இல்லை, விளக்கு இல்லாத இடம் இல்லை. நினைத்தால் முடியும் என்று காட்டினார்கள், சபாஷ். எங்கள் பக்கத்திலும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை பேத்தமங்கலம் வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களின் வேகம் வேறு. 2001 பிப்ரவரி 28-இல், எங்கள் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மூடினார்கள். அன்றிலிருந்து மாரிகுப்பத்தில் விடிகாலை ரயிலைப் பிடித்து, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டியபின் வீடு திரும்புகிற கூட்டம் ஆயிரக்கணக்கில். தாத்தா சூரியனைப் பார்க்காமல் பூமிக்கடியில் இருந்தார், பேரன் தன் ஊரில் சூரியனைப் பார்ப்பது வாரத்துக்கு ஒரு நாள்.

2024-இல் கர்நாடக அமைச்சரவை 13 சயனைட் மேடுகளை, ஏறக்குறைய 1,003 ஏக்கரை, மறுபடி தோண்டச் சம்மதம் தந்திருக்கிறது. சக்கையில் மிச்சமிருக்கும் தங்கம்கூட வீணாகக் கூடாது என்ற அக்கறை போற்றத்தக்கது. அதே அக்கறையில், ‘குடியிருக்கும் வீட்டை எங்கள் பேருக்கு எழுதிக் கொடுங்கள்’ என்ற நெடுநாள் கோரிக்கைக்கும் ஒரு கையெழுத்து கிடைத்திருக்கலாம்.

உங்களில் தொழிலதிபர்கள் இருக்கிறார்கள், பெரிய அதிகாரிகள் இருக்கிறார்கள், அமைச்சரோடு ஒரே மேசையில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். 50 வயதுக் காருக்கு டெல்லியில் விதி வாங்கிய நாடு இது. நூறு வயதைத் தாண்டிய லைன் வீடுகளுக்காகவும் ஒரு வார்த்தை பேசுங்கள். பட்டா கேளுங்கள். மேட்டைத் தோண்டும் முன் தூசைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். சுரங்கத்தில் உழைத்தவர்களுக்கு நுரையீரல் பரிசோதனையும் மருந்தும் கேளுங்கள். பழசை எப்படிப் பேணுவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.