தனிச் சர்வர் யோகம்

சர்வர் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. முதலாவது, சாப்பாட்டுக் கடையில் இலைக்கு இலை நடந்து பரிமாறுபவர். 1964-இல் ‘சர்வர் சுந்தரம்’ திரைப்படம் வெளிவந்தபோது அதன் தலைப்பை எவரும் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்க வழியில்லை. இரண்டாவது, கேட்டவருக்குக் கேட்ட இணையப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பதற்காக இரவும் பகலும் விழித்திருக்கும் கணினி. பந்தியில் கூட்டம் அளவோடு இருக்கும்வரை இரண்டு வகைச் சர்வர்களும் இன்முகம் காட்டுவார்கள் என்பதும், கூட்டம் மிகுந்துவிட்டால் இரண்டு வகையினரும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதும் இவ்விரு பொருள்களுக்கும் இடையே உள்ள நெருக்கமான உறவைக் காட்டுகின்றன.

வளர்ந்துவரும் இணையத்தளம் ஒன்று, பலரோடு பகிர்ந்துகொண்ட சர்வரை விட்டுத் தனக்கே உரிய சர்வருக்குக் குடிபெயர்வதையும், அதை வாடகைக்கு விடும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதையும் ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது ராசிபலன் தளமே ஆகும். செய்தித் தளத்துக்கு எந்த நாளில் கூட்டம் திரளும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ராசிபலன் தளத்துக்கோ குருபெயர்ச்சி அன்று கூட்டம் திரளும் என்பது பல மாதங்களுக்கு முன்பே பஞ்சாங்கத்தில் அச்சேறியிருக்கிறது. அவ்வாறு இருந்தும் அன்று காலையில் தளம் படுத்துவிடுகிறது என்றால், பன்னிரண்டு ராசிக்காரர்களுக்கும் வரவிருக்கும் தடைகளை விரிவாக எழுதிய ஒருவர், தம்முடைய தளத்துக்கு வரவிருக்கும் தடையை மட்டும் பரிகாரமின்றி விட்டுவைத்தார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

தளங்கள் தங்கும் இடங்களை வீட்டு வாடகை மொழியிலேயே எளிதாக வகைப்படுத்தலாம். பகிர்வு ஹோஸ்டிங் எனப்படுவது ஒண்டுக்குடித்தனம்: ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும், குழாய் ஒன்றுதான், பக்கத்துப் போர்ஷனில் கல்யாணம் என்றால் இந்தப் போர்ஷனில் தண்ணீர் வராது. முகவரியும் பொதுவானது என்பதால், பக்கத்துக் குடித்தனக்காரர் ஊருக்கெல்லாம் குப்பை மின்னஞ்சல் அனுப்பி அந்த முகவரி தடைப்பட்டியலில் ஏறிவிட்டால், ஒரு பாவமும் அறியாத ராசிபலன் தளத்தின் கடிதங்களும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். வி.பி.எஸ். எனப்படுவது, ஒரே கணினியை மென்பொருளால் தடுத்துப் பல அறைகளாக்கி ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. சுவர் உண்டு, ஆனால் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். டெடிகேட்டட் சர்வர் எனப்படும் தனிச் சர்வரில் கணினி முழுவதும் ஒரே குடித்தனத்துக்கு உரியது. தனி வீட்டுக்குப் போனவர்கள் அனைவரும் முதல் மாதத்திலேயே கண்டறியும் உண்மை இங்கும் பொருந்தும்: மோட்டார் கெட்டால் இனிமேல் திட்டுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

குடிபெயர்வதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதை எந்த விற்பனையாளரும் கேட்பதில்லை: கேட்கப்படும் பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்கத்தான் வேண்டுமா? ராசிகள் பன்னிரண்டு, ஆகவே ஒரு பெயர்ச்சிக்குரிய பலன் பக்கங்களும் பன்னிரண்டு. இலட்சம் வாசகர்கள் வந்தாலும் அந்தப் பன்னிரண்டு பக்கங்களைத்தான் கேட்கப்போகிறார்கள் என்னும்போது, அவற்றை ஒருமுறை ஆக்கி வைத்துக்கொண்டு அப்படியே எடுத்துக் கொடுப்பதற்குக் கேஷ் என்று பெயர். கேஷ் இல்லாத தளம், மேஷ ராசிக்காரர் ஒவ்வொருவரும் வரும்போது உலையை ஏற்றி, அரிசி களைந்து, புதிதாகச் சோறு வடிக்கிறது. நட்சத்திரத்தை மட்டும் வைத்துப் பார்க்கும் திருமணப் பொருத்தம்கூட 27-ஐ 27-ஆல் பெருக்கினால் வரும் 729 விடைகளுக்குள் அடங்கிவிடும். அதையும் முன்கூட்டியே கணித்துவைக்கலாம். பிறந்த நேரத்தையும் ஊரையும் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஜாதகம் கணித்துத் தரும் பகுதி தொடங்கப்பட்டு, அதற்கு நாள் முழுவதும் கூட்டம் வரும் நிலையில்தான் தனிச் சர்வருக்கான யோகம் உண்மையாகவே ஏற்படுகிறது. அதற்கு முன்னால் வாங்குவது, கைப்பேசியில் எடுத்த கோபுரப் படத்தைச் சுருக்காமல் அப்படியே முகப்பில் மாட்டியவர், படம் இறங்கத் தாமதமாகிறது என்பதற்காக வீட்டையே மாற்றுவதற்கு ஒப்பாகும்.

யோகம் உறுதியான பின் விலைப்பட்டியலைப் படிக்கவேண்டும். அதில் மிகப் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் சொல் ‘அன்லிமிடெட்’ ஆகும். சாப்பாட்டுக் கடையில் இச்சொல்லின் பொருளைத் தமிழர்கள் நன்கறிவார்கள்: மூன்றாம் முறை சோறு கேட்கும்வரை அது உண்மை, அதன்பின் சர்வர் அந்தப் பக்கம் வருவதில்லை. ஹோஸ்டிங் துறையில் அந்தக் கட்டத்துக்கு ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்று பெயர் வைத்து, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் சேர்த்திருப்பார்கள். ‘அன்மீட்டர்டு’ என்பது வேறு, அது ஓரளவு நேர்மையானது: எத்தனை முறையும் பரிமாறுவார்கள், ஆனால் கரண்டியின் அளவு மாறாது. விநாடிக்கு 100 மெகாபிட் என்னும் கரண்டியால் ஒரு மாதம் முழுவதும் நிறுத்தாமல் பரிமாறினால் ஏறத்தாழ 32 டெராபைட் கிடைக்கும். அது பெரிய விருந்துதான் என்றாலும், குருபெயர்ச்சிக் கூட்டம் மாதம் முழுவதும் பரவி வருவதில்லை, காலை ஆறு மணிக்கு மொத்தமாக வந்து உட்கார்கிறது என்பதால் கரண்டியின் அளவே முக்கியமாகிறது.

கரண்டிக்கு அல்லாமல் பயன்பாட்டுக்குப் பணம் வாங்கும் நிறுவனங்களிடம் ‘95-ஆம் சதமானம்’ என்றொரு கணக்கு வழக்கில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போக்குவரத்தை அளந்து, 30 நாளில் சேரும் 8,640 அளவுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, உச்சியில் உள்ள 5 விழுக்காட்டை, அதாவது 432 அளவுகளைத் தள்ளிவிட்டு, எஞ்சியவற்றில் பெரியதற்கு விலை போடுவார்கள். தள்ளப்படும் 432 அளவுகள் 36 மணி நேரத்துக்குச் சமம். ஆகவே ஒன்றரை நாளுக்குள் வந்து போய்விடும் கூட்டத்துக்குக் கட்டணமே இல்லை என்பது இக்கணக்கின் அழகிய விளைவாகும். குருபகவானுக்கென்றே வகுத்ததுபோல் தோன்றும். இந்த இடத்தில்தான் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் குறுக்கிடுகின்றன. 2025-இல் குரு மிதுனத்துக்குப் பெயர்ந்தது வாக்கியத்தின்படி மே 11, திருக்கணிதத்தின்படி மே 14. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு முழு நாள் கூட்டம் என்று கொண்டால் 48 மணி நேரம் ஆகிறது. மே மாதத்துக்கு 31 நாள் என்பதால் கூடுதலாகக் கிடைக்கும் 72 நிமிடச் சலுகையைச் சேர்த்தும் கணக்கு நேராகாது. பஞ்சாங்கக்காரர்களின் நெடுநாளைய கருத்து வேறுபாட்டால் ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கு வருவாய் உண்டு என்பது இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

அடுத்து, ‘99.9 விழுக்காடு இயங்குநேரம்’ என்னும் உறுதிமொழி. முழுமைக்கு மயிரிழையே குறைவதுபோல் தோன்றும் இவ்வெண், ஓராண்டில் 8 மணி 45 நிமிடம் தளம் இறந்துகிடக்கலாம் என்னும் அனுமதியாகும். ராகு காலத்தில் சொன்னால் ஆறு ராகு காலத்துக்குச் சற்றே குறைவு. அறிவித்துவிட்டுச் செய்யும் பராமரிப்பு பல ஒப்பந்தங்களில் இதில் சேராது. உறுதிமொழி தவறினால் இழப்பீடு உண்டுதான். மாத வாடகை 12,000 ரூபாய் என்று கொண்டு, படுத்திருந்த நேரத்துக்குரிய வாடகையை மட்டும் கழிக்கும் ஒப்பந்தப்படி பார்த்தால், ஆறு மணி நேரம் தளம் இல்லாமற் போனதற்கு 100 ரூபாய் கிடைக்கும். அதுவும் கையில் அன்று, அடுத்த மாத வாடகையில், அதுவும் கேட்டால்தான்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது என்பதால், வாசகர்கள் மதுரையிலும் கோவையிலும் இருக்கையில் சர்வரை அமெரிக்காவில் வைப்பது ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருப்பைக் கூட்டும். கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையில், அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. (குருவிலிருந்து ஒளி பூமிக்கு வர அரை மணி நேரத்துக்கும் மேலாகிறது, அந்தத் தாமதத்தைப் பற்றி வாசகர் எவரும் புகார் எழுதியதாகத் தெரியவில்லை.)

இடத்தைவிட முக்கியமானது, பேக்கப் எனப்படும் நகல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதாகும். ரெய்டு என்பதன் எளிய வகை ஒரே தகவலை இரண்டு வட்டுகளில் ஒருசேர எழுதும் முறை; ஒரு வட்டு செத்தால் மற்றது காப்பாற்றும். ஆனால் தவறான பொத்தானை அமுக்கி ஜாதகங்களை அழித்தால், ரெய்டு அதே விசுவாசத்தோடு இரண்டு வட்டுகளிலும் அழித்துத் தரும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் முற்றிலும் அழிந்தபோது, மூலத்தையும் நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். பத்திரத்தையும் அதன் ஜெராக்ஸையும் ஒரே டிரங்குப் பெட்டியில் பூட்டிவைக்கும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

இறுதியாக மனிதர்கள். ‘அன்மேனேஜ்டு’ என்னும் வகையில் மின்சாரம், இணைப்பு, வன்பொருள் ஆகிய மூன்றை மட்டும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். மற்றதெல்லாம் தள உரிமையாளரின் பொறுப்பு, அதாவது நடைமுறையில் அவருடைய அக்கா மகனின் பொறுப்பு. ‘மேனேஜ்டு’ வகையில் இயங்குதளம், பாதுகாப்புத் திருத்தங்கள், இரவு நேரக் கோளாறுகள் ஆகியவற்றையும் நிறுவனம் ஏற்கும். வாடகை கூடும், அக்கா மகனுக்குத் தூக்கம் கிடைக்கும். எதுவாயினும் பணம் கட்டுவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்கு, விற்பனைப் பிரிவுக்கு அல்லாமல் உதவிப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பார்ப்பது நன்று. “தங்கள் டிக்கெட் கிடைத்தது” என்று உடனே வரும் பதில் தானியங்கியின் பதில். ஒப்பந்தத்தில் ‘பதிலளிக்கும் நேரம் 15 நிமிடம்’ என்பது பெரும்பாலும் அதைக் குறிக்கும், கோளாறு தீரும் நேரத்தைக் குறிக்காது. உறைந்துபோன கணினியைத் தொலைவிலிருந்தே அணைத்து எழுப்பும் வசதி தள உரிமையாளரின் கையில் தரப்படுகிறதா, அல்லது அதற்கும் டிக்கெட் போட்டு, மாடியில் இருக்கும் ஒருவர் தேநீர் குடித்து முடித்து இறங்கிவந்து பொத்தானை அழுத்தவேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

உலகின் முதல் இணையத்தளச் சர்வர், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியாகும். அக்கணினியின் இயங்குநேரத்துக்கு 99.9 விழுக்காடு என்று எவரும் உறுதிமொழி தரவில்லை. இது சர்வர், அணைக்கக்கூடாது என்று சிவப்பு மையில் கையால் எழுதி ஒரு தாளை அதன் மேல் ஒட்டிவைத்திருந்தார்கள்.