காரணம் கேட்காத கால்

கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் நம் ஊரில் வரும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" அடுத்தது, "ஏசி நல்லா கூலாகுதா?" பிறகு நிறத்தைப் பற்றி ஒரு கருத்து, ராசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "வண்டி நிக்குமா?" என்று கேட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டால், நிற்கிற விஷயத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பது பொதுவான ஏற்பாடு.

என்னுடையது பழைய ஆல்டோ. பின்சக்கரத்து வீல் சிலிண்டரில் கசிவு என்று மெக்கானிக் ஒருவர் அதைக் கழற்றிப் புதியது மாட்டிக் கொடுத்தார். வண்டியை எடுத்து வரும்போதே பெடல் தொளதொளத்தது. மிதித்தால் பாதித் தூரம் சும்மா போய், பிறகுதான் வேலையை ஆரம்பித்தது. போன் போட்டுக் கேட்டேன். "ஓட்ட ஓட்ட சரியாயிடும் சார்" என்றார்.

தமிழ்நாட்டு மெக்கானிக் சாத்திரத்தில் இது மகாவாக்கியம். கிளட்ச், கியர், கதவின் கிறீச்சொலி எல்லாவற்றுக்கும் இதுவே பதில். பல சமயம் பலிக்கவும் செய்யும். பிரேக் மட்டும் இந்த அருள்வாக்குக்குக் கட்டுப்படாது. ஓட்ட ஓட்டப் பிரேக் சரியாவதில்லை, நமக்குத்தான் பழகிப்போகிறது.

காரணம் எளிது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியாக அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகிறது. திரவம் அநேகமாகச் சுருங்காது என்பதால் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் அது சுருங்கும். நாம் மிதிக்கும் மிதியை அதுவே வாங்கிக்கொள்ளும். சக்கரத்துக்கு மிச்சம்தான் கிடைக்கும். இந்தக் காற்றை வெளியே எடுக்கும் வேலைக்குப் பெயர் பிரேக் பிளீடிங். பட்டறையில் 'ஏர் எடுக்கறது' என்பார்கள்.

இதை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவெடுத்து, சென்னையில் கார் சாமான்களுக்குப் பேர்போன ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். சக்கரத்தின் பின்னால் காற்றை வெளியே விடுவதற்கென்று இருக்கும் திருகான நிப்பிளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் ஒன்று. பெரும்பாலான கார்களுக்கு 8 அல்லது 10 எம்எம் போதும். ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்ட். பிரேக் ஆயில் ஒரு டப்பா. கடைக்காரர் "டாட் 3யா, டாட் 4ஆ?" என்றார். ஆயில் டாங்கின் மூடியிலேயே அது அச்சடித்திருக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய டாட் 3க்குத் தரக்கட்டுப்பாடு கேட்பதே 140 டிகிரிதான். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால், சூடேறிய பழைய ஆயில் கொதித்து ஆவியாகிப் பெடல் தரையைத் தொட்டுவிடலாம். அதனால்தான் பல கார்க் கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கின்றன. திறந்த டப்பாவில் மீந்ததை அடுத்த தடவைக்கு என்று எடுத்துவைக்கவும் கூடாது. இதை என் மனைவியிடம் சொன்னேன். புளிக்குழம்பையே மூன்று நாள் வைத்துச் சுடவைக்கும் குடும்பத்தில் அந்தக் கொள்கை எடுபடவில்லை.

மீன் தொட்டிக் கடையில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் ஒரு மீட்டர் வாங்கினேன். தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காலி செய்தேன். எல்லாம் தயார். ஒன்றே ஒன்றுதான் குறை: பெடலை மிதிக்க ஒரு கால்.

ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை நான்கைந்து தடவை மிதித்து, கடைசி மிதியில் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது நான் சக்கரத்தின் பின்னால் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துவேன். ட்யூப் வழியாக ஆயிலும் காற்றுக் குமிழும் பாட்டிலுக்குள் வரும். பெடல் கீழே இறங்கும். நான் நிப்பிளை மூடி "விடலாம்" என்ற பிறகே காலை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் திறந்த நிப்பிள் வழியாகக் காற்று மறுபடி உள்ளே போய்விடும். மிதிப்பவர் முகம் எனக்குத் தெரியாது, என் கை அவருக்குத் தெரியாது. சொன்னதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஆள் தேடியபோதுதான், சொன்னதைச் செய்பவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை என்று தெரிந்தது.

மனைவியிடம் முதலில் கேட்டேன். "நான் மிதிச்சு, நாளைக்கு வண்டி நிக்கலைன்னா பழி யார் மேல வரும்?" என்றாள். அப்படி ஒன்றும் ஆகாது என்றேன். "இன்ஷூரன்ஸ் கட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மகன் மெக்கானிகல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. "ஒன் வே வால்வ் வெச்ச ட்யூப் வாங்கியிருந்தா ஒரு ஆளே செய்யலாமேப்பா" என்றான். உண்மைதான். படிப்பு வீண்போகவில்லை. ஆனால் உட்கார்ந்ததும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டான். சக்கரத்துக்கு அடியிலிருந்து "பிடி" என்று நான் கத்தியது மூன்றாவது மாடி வரை கேட்டது, டிரைவர் சீட்டுக்குக் கேட்கவில்லை. அவனைப் பதவி உயர்த்தி பானட்டுக்கு அனுப்பினேன். டாங்கில் ஆயில் குறையக் குறைய ஊற்ற வேண்டும், ஒருபோதும் வற்றவிடக் கூடாது, வற்றினால் மாஸ்டர் சிலிண்டர் வழியாகவே காற்று புகுந்து பாடுபட்டதெல்லாம் பாழ். மேலிடப் பொறுப்பாளர் பதவி அவனுக்குப் பிடித்திருந்தது.

அடுத்து மாமனார். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரேக் என்றதும் முகம் மலர்ந்தது. "மாப்ள, இதுல இருக்கிற தத்துவம் என்ன தெரியுமா? பாஸ்கல் விதி!" என்று உட்கார்ந்தார். நன்றாகவே மிதித்தார். "பிடிங்க மாமா" என்றதும் பிடித்தார். நான் நிப்பிளைத் திறந்தேன். குமிழ்கள் வரிசையாக வந்தன. மாமாவும் வந்தார்: "பாஸ்கல் 1662லயே செத்துப்போயிட்டார் மாப்ள. புஸ்தகம் மறு வருஷம்தான் வெளிவந்துது. அதைக் காருக்குக் கொண்டுவர இருநூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1921ல அமெரிக்காவில டியூசன்பெர்க்னு ஒரு கார், நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக். ஆக, மூடப்பட்ட திரவத்தின் மீது…" என்று விதியை வரையறுக்க ஆரம்பித்தவர், வகுப்பில் மேடையிலிருந்து இறங்குகிற பழக்கத்தில் காலை எடுத்துவிட்டார். வெளியே வந்த காற்று, மறந்துபோன குடையை எடுக்க வந்த விருந்தாளியாக உள்ளே திரும்பிப் போனது.

இதற்குள் குடியிருப்பே கூடிவிட்டது. வாட்ச்மேன், ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல் கொண்டு வந்து தந்தார். செங்கல் திடீரென்று நொறுங்கும், அதை நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவருக்கு வருத்தம். சங்கச் செயலாளர் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் டைல்ஸ் போய்விடும் என்றார். டைல்ஸைவிடப் பெயின்டுக்குத்தான் ஆபத்து: பிரேக் ஆயில் பட்டால் காரின் பெயின்ட் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்ததால் தப்பினேன். எதிர்வீட்டுக்காரர், "பிரேக் ஆயில் தீர்ந்தா கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊத்தலாமே, எல்லாம் ஆயில்தானே?" என்றார். பெயரில் ஆயில் இருந்தாலும் இரண்டும் வேறு ஜாதி. இன்ஜின் ஆயில் கொஞ்சம் கலந்தால் போதும், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய் பிரேக்கே கெட்டுவிடும். அவர் யோசனையைத் தன் காரிலேயே செயல்படுத்திவிடாமல் இருக்க இதை இரண்டாம் முறையும் சொன்னேன்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த மாமியார், "நான் மிதிக்கட்டுமா மாப்ள?" என்றார்.

அத்தை டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. ஆனால் பல வருடம் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். காலால் மிதிக்கும் தையல் மெஷினில், ஊசி முனைக்கும் விரலுக்கும் நடுவில் நூலளவு இடம் வைத்துக் காலை நிறுத்தத் தெரிந்தவர். செருப்பைக் கழற்றினார். புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். பெடலை ஒரே மூச்சில் தரை வரை இறக்கக் கூடாது, பழைய வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிழியும் என்று அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. "பிடிங்க அத்தை" என்றால் "பிடிச்சாச்சு." "விடலாம்" என்றால் "விட்டாச்சு." நடுவில் ஒரு வார்த்தை இல்லை.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் கார்களில் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால் இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன், வலது முன் என்று வருவோம். சில வண்டிகளுக்கு வரிசை மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் முதலில் கருத்த பழுப்பு ஆயில் வந்தது, பிறகு தெளிந்தது, பிறகு குமிழ் நின்றது. குமிழ் நின்றதை நான் பார்ப்பதற்கு முன்பே அத்தை சொன்னார்: "இப்ப கெட்டியாயிடுச்சு மாப்ள."

பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அது லேசாக இறங்கியது. "பாத்தீங்களா, இறங்குது!" என்றார் மாமா. பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். இறங்கவில்லை. குடியிருப்புக்குள்ளேயே நடை வேகத்தில், கை ஹேண்ட் பிரேக்கில் இருக்க, ஓட்டிப் பார்த்தேன். நின்றது. மகனுக்கு முழுத் திருப்தி. மேலிடம் சரியாக இருந்ததால்தான் எல்லாம் சரியாக நடந்தது என்று அவன் நம்புகிறான். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் பாட்டிலில் மூடிப் பட்டறையில் ஒப்படைத்தேன்.

முதல் தடவையாக இதில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் ஸ்கேன் கருவி இல்லாமல் காற்றை முழுதாக எடுக்க முடியாது; அவற்றை விட்டுவிடுங்கள். எந்த வண்டியானாலும் பெடல் கெட்டியாகும் வரை தெருவில் இறங்காதீர்கள். மற்றபடி, வேண்டிய சாமான்கள் எல்லாம் கடையில் கிடைக்கும். காரணம் கேட்காமல் மிதித்து, சொன்ன பிறகே எடுக்கிற கால் மட்டும் கிடைக்காது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் ஸ்பேனரைத் தொடுங்கள். எல்லோரும் அறிவாளிகளாக இருக்கும் வீடு என்றால், நல்ல மெக்கானிக்காகப் பார்த்து வண்டியைக் கொடுத்துவிடுங்கள். அவர் "ஓட்ட ஓட்ட சரியாயிடும்" என்றால் மட்டும் சாவியைத் திருப்பி வாங்காதீர்கள்.