பூசணிக்கு எத்தனை சதுர அடி?

பீர்க்கன்கரணையில் ராட்சசப் பூசணி வளர்க்க ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்?

பக்கத்து மனைக்காரரிடம். ஒரு கொடிக்கே ஐந்நூறு சதுர அடிக்கு மேல் வேண்டும். வீடு, கார் நிறுத்தம், போர்வெல் போக உங்களுக்கு மிச்சம் எவ்வளவு?

சாம்பாருக்கு வாங்கிய காயின் விதை போதுமா?

சாம்பாருக்குப் போதும்! போட்டிக்காரர்கள் போடுவது கனடாவின் ஹோவர்டு டில் உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜயன்ட்'. 2023இல் கலிபோர்னியாவில் ஒரு காய் 1,247 கிலோ நின்றது. அது குளிர்நாட்டுக் கொடி, நம் கத்திரி வெயிலுக்குச் சுருண்டுவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-1 ரகம் ஏழெட்டு கிலோ தரும். ஏரியோரத்து மனை என்றால் மழை ஓய்ந்து மார்கழியில் ஊன்றுங்கள்.

1,247 கிலோ பூசணியைச் சோற்றில் மறைக்க முடியுமா?

அவ்வளவு சோறு அரசியல்வாதிகளிடம்தான் இருக்கிறது.

கொடி நிறையப் பூ, ஒரு பிஞ்சுகூட இல்லையே?

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அடியில் குட்டி உருண்டையோடு பெண் பூ வரும்வரை பொறுங்கள். வந்ததும், விடிந்த கையோடு ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். எட்டு மணிக்கு எழுகிறவருக்குப் பூ மட்டும்தான். ராட்சசக் காய்தான் வேண்டுமென்றால் கொடிக்கு ஒரு பிஞ்சை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

விளைந்ததை ஆயுதபூஜைக்கு உடைக்கலாமா?

திருஷ்டிக்கு உடைப்பது வெண்பூசணி, அது வேறு இனம். எதை உடைத்தாலும் ஜி.எஸ்.டி. சாலையில் வேண்டாம். பின்னால் பைக்கில் வருபவர் வழுக்கி விழுவார். உடைத்துவிட்டீர்களா? துண்டுகளை அள்ளிவிட்டுக் கிளம்புங்கள்.