வாக்கு வள்ளல்கள்

முல்லைக்குத் தேரைக் கொடுத்தான் பாரி. கொட்டிலில் ஒரு தேர் குறைந்தது. மயிலுக்குப் போர்வையைக் கொடுத்தான் பேகன். வீட்டில் ஒரு போர்வை குறைந்தது. கொடுத்தால் கையிருப்பு குறையும். நம் வள்ளல்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். கொடுக்கக் கொடுக்கக் குறையாத கொடையும் உண்டு என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்கள். அவர்கள் கொடுப்பது வாக்கு.

கால்பந்து என்றால் நாம் ஆடுகிற ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு மோதி ஓடுவது. சனிக்கிழமையானால் ஒரு லட்சம் பேர் கூடுகிற மைதானங்கள் அங்கே பல கல்லூரிகளில் இருக்கின்றன. அந்த மைதானத்தில் ஓடப்போகிற பையன்களைப் பள்ளிக்கூடங்களில் தேடிப் பிடிப்பதற்கு ரெக்ரூட்டிங் என்று பெயர். "உன் படிப்புச் செலவு முழுக்க எங்களுடையது, வா" என்று பயிற்சியாளர் சொன்னால் அது ஆஃபர். "வருகிறேன்" என்று பையன் சொன்னால் அது கமிட்மெண்ட். இரண்டும் வாயால் சொல்வது. கையெழுத்து, சாட்சி எதுவும் கிடையாது.

பையனின் வீட்டுக் கூடத்தில் அந்தப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய மனிதர், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர், நைந்த சோபாவில் கூச்சமில்லாமல் உட்காருவார். பாட்டி வைத்த வறுத்த கோழியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். தம்பியின் பெயர் தெரியும், நாயின் பெயர் தெரியும், அம்மா எந்த ஷிஃப்டில் வேலை பார்க்கிறாள் என்பதும் தெரியும். கிளம்பும்போது பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி இவன் என் பிள்ளை" என்பார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இதை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நிமிடம் அவர் மனமாரத்தான் சொல்கிறார். அடுத்த தெருவில், அதே இடத்துக்கு ஆடுகிற இன்னொரு பையனின் வீட்டிலும் மனமாரத்தான் சொல்கிறார்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 25 பேரைச் சேர்க்கிற அணி இருநூறு பேருக்கு மேல் ஆஃபர் சொல்வது அங்கே சாதாரணம். 2009-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஹூஸ்டன் நட் 37 பேரிடம் கையெழுத்தே வாங்கினார். ஆண்டுக்குச் சேர்க்க முடிந்தது 25 பேரை. அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியாமல் அந்த அணி இருந்த எஸ்இசி கூட்டமைப்பு 28 பேருக்கு மேல் கையெழுத்து வாங்கக் கூடாது என்று விதி போட வேண்டியதாயிற்று.

மொழிக்கும் இவர்கள் செய்திருக்கிற தொண்டு பெரியது. ஆஃபரிலேயே இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஒன்று, பையன் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆஃபர். மற்றது, ஏற்றுக்கொள்ள முடியாத ஆஃபர். இரண்டாவது வகை கிடைத்த பையன் ஆசையோடு தொலைபேசியில் கூப்பிட்டு "வருகிறேன் கோச்" என்றால், "அவசரம் இல்லை தம்பி, நன்றாக யோசி" என்று பதில் வரும். நம் இலக்கணத்தில் வினையெச்சம் என்று ஒன்று இருக்கிறதே, வினைமுற்றுக்காகக் காத்து நிற்கிற சொல், அதுதான் இந்த ஆஃபர். முற்று எங்கே என்று பையன் தேடிக்கொண்டிருக்கும்போது கையெழுத்துப் போடுகிற நாள் வந்துவிடும். அதற்குள் அவனைவிட அரை நொடி வேகமாக ஓடுகிறவன் ஒருவன் எங்காவது கிடைத்திருப்பான். "இந்த ஆண்டு இடமில்லை, ஆறு மாதம் பொறுத்து அடுத்த ஜனவரியில் சேர்ந்துகொள்" என்று சொல்வதற்கும் கிரேஷர்ட் என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆறு மாதம் அவன் எங்கே படிப்பான், யார் செலவில் சாப்பிடுவான் என்று அந்தப் பெயருக்குள் எழுதியிருக்காது. அந்த நேரத்தில் மற்ற கல்லூரிகளின் இடங்களும் நிரம்பியிருக்கும்.

1906-இல் தோன்றிய என்சிஏஏ, கல்லூரி விளையாட்டுகளுக்கெல்லாம் தலைமை அமைப்பு. அது மாணவர் நலனில் கொண்டிருக்கிற அக்கறை சொல்லி மாளாது. பள்ளியின் கடைசி ஆண்டு ஆகஸ்ட் 1-க்கு முன் எந்தப் பையனுக்கும் எழுத்தில் ஆஃபர் தரக் கூடாது என்று விதி செய்தது. சின்ன வயதிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். எழுதத்தான் தடை, சொல்லத் தடையில்லை. ஆகவே சொன்னார்கள். பதின்மூன்று வயதுப் பையனிடமும் சொன்னார்கள்.

டெலவேர் மாநிலத்தில் டேவிட் சில்ஸ் என்ற பையன் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். 2010 பிப்ரவரியில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் லேன் கிஃபின் அவனுக்கு ஆஃபர் சொன்னார். பையன் தொலைபேசியிலேயே சம்மதித்தான். கல்லூரியில் சேர இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. ஐந்து ஆண்டுக்கு அப்பால் உள்ளதைக் காணும் தொலைநோக்கைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த பிப்ரவரியில் கிஃபின் அந்தக் கல்லூரிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டென்னசி பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் வேலை பார்த்துவிட்டு, ஜனவரி 12 இரவு அங்கிருந்து கிளம்பியவர். அவர் சொல்லை நம்பி டென்னசிக்கு வந்த பையன்கள் வந்த இடத்திலேயே இருந்தார்கள்.

2013 செப்டம்பரில் கல்லூரி கிஃபினை விமான நிலையத்தில் வைத்தே வேலையிலிருந்து நீக்கியது. ஐந்து ஆண்டு வாக்கு மூன்றரை ஆண்டில் அநாதையானது. 2014-இல் சில்ஸ் வேறு இடம் தேடி மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குச் சம்மதித்தான். பந்தை எறிகிறவனாகக் கனவு கண்டவன், பந்தைப் பிடிக்கிறவனாக மாறி 2017-இல் 18 டச் டவுன் அடித்தான். அது அவன் உழைப்பு. அதில் எந்த வாக்குக்கும் பங்கில்லை.

கிஃபின் காலத்தின் அருமை தெரிந்தவர் என்பதற்கு இன்னொரு சான்று சொல்கிறேன். 2025-இல் மிசிசிப்பி அணி 11 ஆட்டங்களில் வென்று, தன் வரலாற்றில் முதல் முறையாகத் தேசியப் பிளேஆஃப் சுற்றுக்குப் போகவிருந்தது. அப்போது அதன் பயிற்சியாளர் அவர். நவம்பர் 30 அன்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்று அறிவித்தார். பள்ளிப் பையன்கள் கல்லூரிகளுக்குக் கையெழுத்துப் போடுகிற நாள் டிசம்பர் 3. யோசித்துக்கொள்ளப் பையன்களுக்கு முழுதாக மூன்று நாள் கிடைத்தது.

விசுவாசத்தைக் கற்பிப்பதிலும் இவர்களுக்கு நிகர் இல்லை. "எங்களுக்கு வாக்குக் கொடுத்த பிறகு இன்னொரு கல்லூரியை எட்டிப் பார்த்தால் உன் இடம் உனக்கில்லை" என்று வெளிப்படையாகவே விதி வைத்திருக்கும் பயிற்சியாளர்கள் பலர். நிச்சயதாம்பூலம் ஆன பெண் வேறு வரனைப் பார்க்கக் கூடாது, மாப்பிள்ளை வீட்டார் மட்டும் ஊர் ஊராகப் பெண் பார்க்கப் போகலாம் என்பது போன்ற ஏற்பாடு. பதினேழு வயதுப் பையன் மனம் மாறினால் ஊரே சேர்ந்து அவனை ஏசும். நாற்பத்தைந்து வயதுப் பயிற்சியாளர் மனம் மாறினால் அது தொழில் முன்னேற்றம்.

வாக்கு காகிதமான பிறகாவது நிலைமை மாறியதா? 1964-இலிருந்து நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று ஒரு தாள் இருந்தது. அதில் கையெழுத்திட்ட பையன் ஓராண்டு அந்தக் கல்லூரிக்குக் கட்டுப்பட்டவன். நீ சேர்வது கல்லூரியில்தான், பயிற்சியாளரிடம் இல்லை, அவர் போனாலும் இந்தத் தாள் செல்லும் என்று அதிலேயே தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து கோழி சாப்பிட்டவர் எழுதிய கடிதமா அது என்று வியக்கும் அளவுக்கு நேர்மை.

அந்த நேர்மையைச் சரியாகப் படித்தவன் ஒருவன் உண்டு. ஜார்ஜியாவின் மாண்டிசூமா என்ற சிற்றூர்ப் பையன் ரோக்வான் ஸ்மித். 2015 பிப்ரவரியில் தொலைக்காட்சி நேரலையில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தான். தாளை இன்னும் அனுப்பவில்லை. சில மணி நேரத்தில், தன்னை அழைத்த பயிற்சியாளர் ஜெஃப் உல்பிரிக் அட்லாண்டாவில் தொழில்முறை அணிக்குப் போகக்கூடும் என்று செய்தி வந்தது. பையன் தாளை அனுப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். பிறகு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமலே. உதவித்தொகை ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திட்டான். கல்லூரி அவனுக்குக் கட்டுப்பட்டது, அவன் கல்லூரிக்குக் கட்டுப்படவில்லை. 2018-இல் தொழில்முறை அணிகளின் ஆள் தேர்வில் சிகாகோ பேர்ஸ் அணி அவனை மொத்தத்தில் எட்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தக் கட்டுரையில் நான் யாரையாவது இரண்டாம் எண்ணம் இல்லாமல் புகழ்கிறேன் என்றால் அது அந்தப் பையனைத்தான். அவனைப் போல அந்தத் தாளை மறுக்கும் வலிமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? தேடி வரும் கல்லூரிகள் பத்து இருந்தால் மறுக்கலாம். ஒன்றுதான் என்றால் முடியாது.

2024 அக்டோபரில் அந்தத் தாளையே ஒழித்துவிட்டார்கள். இப்போது காசு வெளிப்படையாகவே பேசப்படுகிறது. வாக்கின் மதிப்பு உயர்ந்திருக்கிறது என்பதற்கு ஜேடன் ரஷாடா என்ற பையன் சாட்சி. 2022-இல் மயாமிக்குச் சம்மதித்திருந்த அவன் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு மாறினான். அதற்குப் பேசப்பட்ட தொகை 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர். பணம் வரவில்லை. 2024 மே மாதம் அவன் ஃபுளோரிடாவின் பயிற்சியாளர் பில்லி நேப்பியர் மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டான்.

நீதிமன்றம் இந்த விஷயத்தைத் தொட்ட இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று ஒரு வழக்கில் பெரிய சமரசம் உருவானபோது, கால்பந்து அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள். அது வரப்போகிறது என்று தெரிந்ததுமே, 2024 இலையுதிர் காலத்தில் கல்லூரிகள் பையன்களைக் கழிக்கத் தொடங்கின. உதவித்தொகைகூட வேண்டாம், அணியில் ஓர் இடம் போதும் என்று வந்தவர்கள், "உனக்கு இடம் உண்டு" என்ற ஒரு சொல்லை நம்பி வேறு கல்லூரிகளை வேண்டாம் என்றவர்கள், அவர்களுக்குத்தான் முதலில் தொலைபேசி வந்தது. 2025 ஏப்ரலில் நீதிபதி கிளாடியா வில்கன், இவர்களுக்கு ஒரு வழி செய்யாமல் ஒப்புதல் தர மாட்டேன் என்று நிறுத்தினார். வழி செய்தார்கள். இடம் இழந்தவர்களின் பட்டியல் எடுக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் உள்ளவர்களைச் சேர்த்தால் அவர்கள் 105 என்ற கணக்கில் வர மாட்டார்கள். ஜூன் 6 அன்று ஒப்புதல் கிடைத்தது.

பட்டியலில் உள்ளவனைத் திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. சேர்ப்பதும் விடுவதும் கல்லூரியின் விருப்பம்.