ஜிக்சா வாங்கிய மருமகனுக்கு

ஏய்யா மருமவனே, ஜிக்சா ரம்பம் வாங்கிட்டியாமே! நீ வந்து சொல்லவே வேண்டாம், சத்தத்துலயே தெருவுக்குத் தெரிஞ்சு போச்சு. சாமி அலமாரிக்கு வளைவு வெட்டினியாம்ல, கொண்டா பாப்போம். அடேயப்பா! வளைவு வெட்டினியா, பலகைக்கு ரோமம் முளைக்க வச்சியா? மைக்கா பூராவும் சிலாம்பு சிலாம்பா நிக்குது!

உன்மேல குத்தம் இல்லய்யா. நல்ல முகத்தை மேல வச்சு அழகு பாக்கத்தானே எவனுக்கும் தோணும். ஆனா இந்த அலகுக்குப் பல்லு மேல்நோக்கி இருக்கு. மேல ஏறும்போதுதான் அது வெட்டும், அதனால மேல்முகத்தைத்தான் பிய்க்கும். மைக்கா பக்கத்தைக் குப்புறப் போட்டு முதுகுல கோடு போட்டிருக்கணும். குப்புறப் போட்டா இடது வலதாயிரும், அதை மறந்துட்டு அப்புறம் வந்து மூக்கைச் சிந்தாத.

இந்த ஜிக்சா பொறந்த கதை தெரியுமா? என் பேத்தி படிச்சுச் சொன்னா. சுவிட்சர்லாந்துல சின்டில்லா கம்பெனியில ஆல்பர்ட் காஃப்மன்னு ஒரு இன்ஜினியர். 1946-ல, பொண்டாட்டி தையல் மெஷின்ல ஊசியைக் கழட்டிட்டு ரம்ப அலகை மாட்டிப் பாத்தாராம். அதுலருந்துதான் இது வந்துச்சாம். அந்தம்மா அவரை என்ன சொல்லி ஏசிச்சுன்னு மட்டும் எவனும் எழுதி வைக்கல.

உனக்கு உடம்புல பலம் ஜாஸ்தி, பாவம். அதை எங்க காட்டுறதுன்னு தெரியாம ரெண்டு கையாலயும் முன்னால தள்ளியிருக்கே. அலகுக்குப் பிடிமானம் மேல மட்டுந்தான். கீழ்நுனி அந்தரத்துல தொங்குது. தள்ளத் தள்ள அது வளைஞ்சு குடுக்கும். மேல கோடு சுத்தமா இருக்கும், திருப்பிப் பாத்தா வேற ஊருக்குப் போயிருக்கும். அடித்தட்டைப் பலகையோட அமுக்கிப் பிடி. முன்னால போறதை அதுபாட்டுக்கு விடு. உன் பலத்துக்குக் கெணத்துல தண்ணி எறைக்கிற வேலை இருக்கு.

பக்கத்துல 0, 1, 2, 3-ன்னு ஒரு திருகு இருக்கே, அதை 3-லதானே வச்சே? வைப்பே. பெரிய நம்பர்னா பெரிய ஆசாரி. அதுல அலகு முன்னும் பின்னும் ஆடி ஆடி வெட்டும். தடிமரத்தை நேரா அறுத்துத் தள்ள அது சரி. வளைவுக்கும் மைக்காவுக்கும் 0-லயே கெடக்கட்டும். அலகும் பெட்டியோட வந்ததுதான போட்டே? சின்ன வளைவுக்குக் குறுகின அலகு, சுத்தமான வெட்டுக்குப் பொடிப்பல்லு. அலகு மாத்துறப்போ பிளக்கைப் பிடுங்கிரு. வெட்டி முடிச்ச சூட்டோட தொட்டுப் பாக்காத.

பலகையை அடியில பிடிச்சுக்கிட்டது உன் மச்சினனாமே? அவன் வெரலை எண்ணிப் பாத்தியா? அலகு அடிப்பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்கும்யா, மேல நிக்கிற உனக்கு அது தெரியாது. கிளாம்பு விலை கொஞ்சந்தான். மச்சினன் வெரல் போச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு நீதான் பதில் சொல்லணும்.

சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத. அந்த ஓரத்துல வளையுற பீடிங் ஒண்ணு ஒட்டினா சாமிக்கே தெரியாது. எங்கிட்ட கெடக்கு. காசெல்லாம் வேண்டாம். மெஷினை மட்டும் ரெண்டு நாளைக்கு இங்கேயே விட்டுட்டுப் போ, பேத்தி பிள்ளைக்கு ஆடுகுதிரை ஒண்ணு வெட்டணும்.